இலைக் கணக்கு ஆப்பில் பாயிண்ட், ஸ்ட்ரீக், லீடர்போர்டு வைக்கலாமா?

கேள்வி: 2024 நவம்பர் 9

அக்கா, குன்னூர் பக்கம் சிறு தேயிலை விவசாயிகளுக்காக ஒரு ஆப் செய்துகொண்டிருக்கிறோம். எத்தனை கிலோ இலை போட்டோம், எடையில் எவ்வளவு கழிவு என்று குறைத்துப் பிடித்தார்கள், உரம், மருந்து, ஆள்கூலி எல்லாம் எழுதி வைக்க. இறக்கிக்கொள்கிறார்கள், ஒரு வாரம் எழுதுகிறார்கள், அப்புறம் திறப்பதே இல்லை. எங்கள் மேலாளர் 'கேமிஃபிகேஷன் போடு' என்கிறார். தினமும் எழுதினால் பாயிண்ட், விடாமல் எழுதினால் நாள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும் ஸ்ட்ரீக், யார் முதலிடம் என்று ஊர்வாரியாக லீடர்போர்டு, மாதம் ஒருமுறை பரிசுச் சக்கரம். விளையாட்டு என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? நீங்கள் இந்த வேலையில் இருந்தவர், இப்போது கோத்தகிரியிலேயே இருக்கிறீர்கள். இது எடுபடுமா?

நவம்பர் 9, இரவு

முதலில் ஸ்ட்ரீக். நீங்கள் அடுக்கியதில் அதுதான் உங்கள் ஆட்களை வேகமாக விரட்டும்.

தினமும் எழுத அவர்களிடம் என்ன இருக்கிறது? ஒரு துண்டில் இன்று இலை எடுத்தால் அடுத்த சுற்றுக்குப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர் சில நாளில் சுற்றை முடித்துவிட்டு மீதி நாட்களில் அடுத்தவர் தோட்டத்துக்குக் கூலிக்குப் போவார், இல்லையென்றால் கேரட் தோட்டத்தில் நிற்பார். அவர் ஆப்பைத் திறக்காததில் தப்பே இல்லை, எழுத ஒன்றுமில்லை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து பள்ளத்துச் செடிகள் கருகினால் வாரக்கணக்கில் இலை கிடையாது. செடியை வெட்டிக் கவாத்து செய்தவருக்கு மாதக்கணக்கில் கிடையாது. நேரத்தில் கவாத்து செய்த நல்ல விவசாயிக்கு உங்கள் ஆப்பில் பூஜ்யம், செடியை ஏறவிட்டுக் கத்தரியால் வழித்துக்கொண்டே இருப்பவருக்கு நீளமான ஸ்ட்ரீக். இதைச் செய்தவருக்குத் தேயிலை தெரியாது என்று எங்கள் ஊரில் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று, மழை. ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போகும். எழுதியது சர்வருக்குப் போய்ச் சேரவில்லை என்பதற்காக ஒருவருடைய எண்ணை ஒன்றுக்கு இறக்கினால் அவர் திரும்ப வரமாட்டார்.

மொழி கற்கும் ஆப்பான டுவோலிங்கோவைப் பார்த்துத்தான் எல்லோரும் ஸ்ட்ரீக் கேட்கிறார்கள். மொழிப் பயிற்சிக்கு அது பொருந்தும், தினமும் கொஞ்சம் படிப்பது உண்மையிலேயே நல்ல முறை. அங்கேயும் ஒருநாள் தவறினால் காப்பாற்ற 'ஸ்ட்ரீக் ஃப்ரீஸ்' வைத்திருக்கிறார்கள். இலை எடுப்பது தினசரிப் பயிற்சி கிடையாது.

நவம்பர் 10, காலை

பரிசுச் சக்கரத்தை நேற்றே சொல்லியிருக்க வேண்டும். உடனே ஒரு வக்கீலிடம் கேளுங்கள். தமிழ்நாட்டில் 1979-ல் வந்த பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் இருக்கிறது. பணம் அனுப்பும் ஆப்களின் சலுகை நிபந்தனைகளைக் கடைசி வரை படித்துப் பாருங்கள், 'தமிழ்நாடு நீங்கலாக' என்று இருக்கும். பெங்களூரில் நான் வேலை பார்த்தபோது பக்கத்து மேஜைக்காரர் கூகுள் பேயில் கீறல் அட்டையைக் கீறிக்கொண்டிருப்பார். அதே ஆப் ஊரில் அம்மாவிடம் இருந்தது, அவருக்கு அட்டையே வராது.

சட்டம் இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். எப்போது விழும் என்று தெரியாத பரிசு மனிதரை மறுபடி மறுபடி தொட வைக்கும், அது பழைய கண்டுபிடிப்பு, உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்தே காட்டினார். ஆனால் அவர்கள் தொட வருவது சக்கரத்தை. கழிவு எத்தனை கிலோ என்ற கட்டத்தில் வாய்க்கு வந்த எண்ணைப் போட்டுவிட்டுச் சக்கரத்துக்குப் போவார்கள். உங்களுக்குக் கிடைப்பது ஆயிரக்கணக்கான பொய் வரிகள்.

நவம்பர் 12

லீடர்போர்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

சாயங்காலம் இலை எடை போடும் இடத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பார்க்கவில்லை என்றால் ஆப்பை மூடி வைத்துவிட்டு ஒரு வாரம் போய் நில்லுங்கள். ரோட்டோரம் சாக்குகள் வரிசையாக இருக்கும். இலை வண்டி வந்ததும் ஒவ்வொரு சாக்காகத் தராசுக் கொக்கியில் மாட்டுவார்கள். முள் ஆடி நிற்பதற்குள் எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிடுவார்கள். மழை நாளென்றால் ஈரத்துக்கு என்று சில கிலோ குறைப்பார்கள். முற்றிய இலை, தண்டு கையில் பட்டால் அதற்கும் பேச்சு. அப்புறம்தான் சின்ன நோட்டில் எழுதுவார்கள். நிற்கிற பெண்கள் யாரும் தராசைப் பார்க்கிற மாதிரி தெரியாது, ஆனால் யாருக்கு எவ்வளவு குறைத்தார்கள் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். எங்கள் பக்கத்து வீட்டு அத்தை எழுதப் படிக்கத் தெரியாதவர், போன மாதம் ஒவ்வொரு எடையிலும் போன கழிவை வாய்க்கணக்காகச் சொல்வார்.

இந்த இடத்தில் லீடர்போர்டு என்ன செய்யும்? கிலோவை வைத்து வரிசைப்படுத்தினால் முதலிடத்தில் இருப்பவர் அதிக நிலம் உள்ளவர். அது ஊருக்கே தெரியும், சொல்ல ஆப் எதற்கு? கடைசியில் இருப்பவர் அரை ஏக்கர்க்காரர், அல்லது கவாத்து செய்தவர், அல்லது வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருப்பதால் இலை எடுக்க முடியாதவர். அவர் எண்ணை ஊரே பார்க்கும்படி மாட்டுவதில் என்ன நியாயம்? ஹட்டி என்கிற சின்ன ஊரில் முப்பது நாற்பது வீடுதான் இருக்கும், பெயரை மறைத்தாலும் யாரென்று தெரிந்துவிடும். ஒருவர் போட்ட கிலோ தெரிந்தால் அவர் வருமானம் தெரிந்துவிட்டது, கடன் கொடுத்தவருக்கும் சேர்த்து.

இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று இருக்கிறது. கிலோவுக்குப் பாயிண்ட் தருகிறேன் என்றால் முற்றிய இலையையும் சேர்த்து வழி என்று சொன்னதாக அர்த்தம். இரண்டு இலை ஒரு கொழுந்து என்று கையால் பார்த்துக் கிள்ளுகிறவரின் சாக்கு லேசாகத்தான் இருக்கும். நீலகிரித் தூளின் விலை அடிபட இலையின் தரத்தையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். அந்தப் புண்ணிலேயே குத்துகிற மாதிரி ஒரு போட்டியை நாமே நடத்த வேண்டுமா?

நவம்பர் 13

'ஆளுக்கு ஆள் போட்டி வேண்டாம், குழுவுக்குக் குழு வைக்கலாமே, மகளிர் குழுக்கள் இருக்கின்றனவே' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. போட்டியே பிடிக்காது என்று நான் சொல்ல வரவில்லை. டுவோலிங்கோ லீக்கில் 30 பேர்தான் ஒரு கூட்டம், வாரம் முடிந்ததும் எல்லோரும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவார்கள். பழையவரைப் புதியவர் எட்டவே முடியாத நிலை அதனால் வராது. குழுவில் வேறொரு சிக்கல் இருக்கிறது. ஒரு பெண் எழுதவில்லை என்றால் மற்றவர்கள் 'உன்னால்தான் போச்சு' என்பார்கள். கடன் தவணையில் ஏற்கெனவே அந்த நெருக்கடி அவர்களுக்கு இருக்கிறது. ஆப்பும் அதையே கொண்டுவரக் கூடாது.

நவம்பர் 17

மேலாளரிடம் காட்ட ஏதாவது ஆராய்ச்சி சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் செய்த சோதனை எல்லோரும் எடுத்துக்காட்டுவது. நர்சரிப் பள்ளியில் ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஆசை உள்ள பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினரிடம் வரைந்தால் பொன் முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முதலிலேயே சொன்னார்கள். இன்னொரு பகுதிக்கு ஒன்றும் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது பகுதிக்கு எதுவுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்ததில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு ஆசை குறையவில்லை.

நிரலாளர்கள் தங்கள் நிரல்களைப் போட்டு வைக்கும் தளமான கிட்ஹப் கதையும் உதவும். நிரலாளர்களின் பக்கத்தில் தொடர்ச்சியாக எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்ற எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தார்கள், 2016-ல் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை ஒப்பிட்ட ஆய்வு 2021-ல் வந்தது. எண் போனதும் சனி, ஞாயிறு வேலை குறைந்தது. ஒரே ஒரு சின்ன வேலையை மட்டும் செய்து முடித்துக்கொள்ளும் நாட்களும் குறைந்தன. அதாவது முன்பு பலர் எண் அறுந்துபோகக் கூடாது என்பதற்காகவே எதையாவது போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் 19

பிள்ளைகள் சோதனையை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மேலாளரிடம் அதைக் காட்டும்போது கவனமாக இருங்கள், அவர் திருப்பிக் கேட்டால் நியாயம் அவர் பக்கம் இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு வரைவதே ஆசை. இலைக் கணக்கு எழுதுவது யாருக்கும் ஆசை கிடையாது, குறையக்கூடிய ஆசையே அங்கே இல்லை. 1999-ல் டெசி, கோஸ்ட்னர், ரயன் மூவரும் 128 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோதும் அப்படித்தான் வந்தது. தானாகவே பிடித்த வேலையில்தான் முன்கூட்டிச் சொன்ன பரிசு கெடுத்தது. சலிப்பான வேலையில் அந்தக் கெடுதல் தெரியவில்லை. 'நன்றாகச் செய்தாய்' என்று சொல்வது பல இடங்களில் ஆர்வத்தைக் கூட்டியது.

ஆகவே உங்கள் ஆப்பில் நான் அஞ்சுவது ஆர்வம் கெடும் என்பதற்காக இல்லை, கணக்கு கெடும் என்பதற்காக. 10-ம் தேதி சக்கரத்தைப் பற்றி எழுதினேனே, அதுதான் என் முக்கியமான வாதம். பாயிண்டுக்காக எழுதிய கணக்கு விவசாயிக்கே உதவாது. உதவாத கணக்கை யார் எழுதுவார்கள்?

நவம்பர் 20

'எழுதாத நாளுக்குப் பாயிண்ட் கழிக்கலாமா?' வேண்டாம். இஸ்ரேலில் ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்களில், பிள்ளையைக் கூப்பிடத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டுப் பார்த்தார்கள். 2000-ல் அந்த ஆய்வு வெளியானது. தாமதம் கூடிவிட்டது, காசு கட்டியாயிற்றே என்று நிம்மதியாக வந்தார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை.

நவம்பர் 24

ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன்.

எண்ணும் வரிசையும் நன்றாக வேலை செய்யும் இடம் ஒன்றை நானே தினமும் பயன்படுத்துகிறேன். இ-பேர்ட், பறவைப் பட்டியல் எழுதும் ஆப், கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்துவது, 2002-ல் தொடங்கியது. மாவட்டவாரியாக யார் எத்தனை வகை பார்த்தார், யார் எத்தனை பட்டியல் போட்டார் என்று அதில் வரிசை உண்டு. நீலகிரி வரிசையில் முதல் சில இடங்களுக்கு நடக்கும் போட்டி மும்முரமானது, நானும் பார்ப்பேன்.

காலையில் லாங்வுட் சோலைக்குப் போனேன். கோத்தகிரி டவுனை ஒட்டி இருக்கிற காடு, 2024 ஜனவரியில் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கருப்பும் ஆரஞ்சுமான ஈப்பிடிப்பான் ஒன்று தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து, அதே கிளைக்குத் திரும்பித் திரும்பி வந்தது. அரிய பறவையை மட்டும் எழுதிவிட்டு வர அந்த ஆப்பில் எனக்கு மனம் வராது. 'நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவையையும் எழுதிவிட்டீர்களா?' என்று பட்டியலை முடிக்கும்போது கேட்கும். காக்கை, கொண்டைக்குருவி, சிட்டு எல்லாவற்றையும் எழுதினால்தான் அது முழுப் பட்டியல், ஆராய்ச்சிக்கு முக்கியமாக வேண்டியதும் அதுதான். ஊரில் வழக்கமாக இல்லாத பறவையை யாராவது எழுதினால் அந்தப் பகுதியைத் தெரிந்த தன்னார்வலர் ஒருவர் விவரம் கேட்பார். வரிசை ஒருபக்கம் இழுக்கிறது, இந்தக் கேள்வியும் சரிபார்ப்பும் இன்னொரு பக்கம் பிடித்து நிறுத்துகின்றன. பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் பள்ளிப் பிள்ளைகள் காக்கையை அக்கறையாக எண்ணி எழுதுவதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

உங்கள் ஆப்புக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. பாயிண்ட் வைத்தே ஆக வேண்டும் என்றால் முழுமைக்கு வையுங்கள், கிலோவுக்கு வேண்டாம். ஒரு எடைக்கு மொத்தம், கழிவு, நிகரம் மூன்றும் இருந்தால் அந்த வரி முழுசு. இலை எடுக்காத சுற்றில் 'கவாத்து', 'பனி', 'ஆள் இல்லை' என்று ஒரு தொடலில் எழுத முடிந்தால் அதுவும் முழுசுதான்.

நவம்பர் 25

ஊட்டியிலிருந்து ஒருவர்: 'இதெல்லாம் எதற்கு, காசு கொடுத்தால் செய்வார்கள். டாஸ்மாக் பாட்டிலைப் பாருங்கள்.' உண்மைதான், அது நன்றாக நடக்கிறது. உடைந்த பாட்டில் கண்ணாடி யானை காலில் ஏறுவது கோர்ட்டில் வழக்கானதும் 2022 மே மாதம் நம் மாவட்டத்தில் தொடங்கினார்கள், பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதல், காலிப் பாட்டிலைத் தந்தால் திரும்பத் தருவார்கள். ஆனால் பாட்டில் வந்ததா இல்லையா என்பதைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். கழிவு 3 கிலோ என்று ஒருவர் எழுதியது உண்மையா என்று உங்கள் ஆப் எப்படிப் பார்க்கும்? சரிபார்க்க முடிகிற காரியத்துக்குக் காசு கொடுங்கள், ஆட்சேபணை இல்லை.

டிசம்பர் 1

'எல்லாவற்றையும் வேண்டாம் என்கிறீர்கள், என்னதான் வைக்கட்டும்' என்று கேட்டுவிட்டீர்கள். கேட்க வேண்டியதுதான்.

அந்த அத்தை வாய்க்கணக்கு வைத்திருப்பது யாரும் பாயிண்ட் கொடுத்து இல்லை. மாதக் கடைசியில் பில் வரும்போது அதைக் கையில் பிடித்துக்கொண்டு பேச அவருக்கு அது வேண்டும். இங்கிருந்து தொடங்குங்கள். ஆப்பைத் திறந்ததும் முதல் திரையில் நான்கே எண்: இந்த மாதம் போட்ட கிலோ, போன கழிவு, டீ போர்டு அந்த மாதத்துக்கு அறிவித்த குறைந்தபட்ச விலையில் வரவேண்டிய பணம், கைக்கு வந்த பணம். கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் பெரிய எழுத்தில். அந்த எண் மாறுவதைப் பார்க்கத்தான் ஆள் திரும்பி வருவார். விளையாட்டில் ஸ்கோர் பார்க்கும் துடிப்பு இங்கேயும் உண்டு, ஸ்கோர் அவருடைய சொந்தக் காசு.

அடுத்து, வெறும் பக்கத்தில் தொடங்க வைக்காதீர்கள். 2006-ல் நூனஸ், டிரெஸ் இருவர் ஒரு கார் கழுவும் இடத்தில் அட்டை கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பாதிப்பேருக்கு 8 முத்திரை சேர்த்தால் ஒருமுறை இலவசம். மறுபாதிக்கு 10 முத்திரை, ஆனால் 2 ஏற்கெனவே குத்திக் கொடுத்தார்கள். இருவருக்கும் பாக்கி 8-தான். முதல் வகையில் 19 சதவீதம் பேர் முடித்தார்கள், இரண்டாவதில் 34 சதவீதம். உங்களிடம் பொய் முத்திரை குத்தத் தேவையே இல்லை. பழைய பில்லை ஒரு போட்டோ எடுக்கச் சொல்லி, போன மாதத்தை நீங்களே நிரப்பிக் கொடுங்கள். தன் பெயரும் தன் கிலோவும் அதில் இருப்பதைப் பார்த்தால் மிச்சத்தை எழுதத் தோன்றும்.

பாராட்டும் இருக்கட்டும், ஆனால் வேலையைப் பற்றி இருக்கட்டும். 'சபாஷ், 50 பாயிண்ட்!' என்பதில் ஒன்றுமில்லை. 'போன மழைக்காலத்தைவிட இந்த முறை உங்களுக்குக் கழிவு குறைவு' என்றால் அது அவருக்குத் தெரிய வேண்டிய செய்தி.

ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் அவரை அவருடைய போன வருடத்தோடு ஒப்பிடுங்கள். ஊர்ச் சராசரி என்று ஒன்று காட்டலாம், கழிவுக்கு மட்டும். பத்துப் பேருக்கு 100 கிலோவில் 4 போகும்போது தனக்கு மட்டும் 9 போகிறது என்றால் அவர் போய்க் கேட்க வேண்டும், அதற்கு ஆப் துணைநிற்க வேண்டும்.

டிசம்பர் 2

சராசரியைப் பற்றி நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். குறைந்தது இத்தனை பேர் இருந்தால்தான் காட்டுவது என்று ஒரு வரம்பு வையுங்கள். மூன்று வீடு உள்ள இடத்தில் சராசரி என்பது பக்கத்து வீட்டுக் கணக்கு. நவம்பர் 12-ம் தேதி லீடர்போர்டுக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

டிசம்பர் 8

எடை போடும் இடத்தில் போய் நின்றதாக எழுதியிருக்கிறீர்கள், ரொம்பச் சந்தோஷம் தம்பி. கழிவைத் தட்டச்சு செய்ய யாருக்கும் கை வரவில்லை, ஒரு கையில் சாக்கு, விரலெல்லாம் இலைக்கறை என்று நீங்கள் பார்த்தது எத்தனை பேட்ஜ் வைத்தாலும் தீராத சிக்கல். குரலில் சொல்ல விடுங்கள். 'நாப்பத்திரண்டு, கழிவு மூணு' என்று சொன்னால் ஆப் எழுதிக்கொள்ளட்டும். சிக்னல் இல்லாதபோது குரலை அப்படியே போனில் வைத்திருந்து பிறகு எழுதட்டும். பழைய தேதிக்கு எழுத எப்போதும் விடுங்கள், அதற்கு எந்தத் தண்டனையும் வேண்டாம்.

நோட்டிஃபிகேஷன் எத்தனை மணிக்கு என்று கேட்டீர்கள். மணியைப் பார்க்காதீர்கள், அந்த ஊருக்கு இலை வண்டி வருகிற கிழமையைப் பாருங்கள். வண்டி வராத நாளில் ஒன்றும் அனுப்பாதீர்கள். வந்த நாளில், அடுப்பு வேலை முடிந்து உட்கார்ந்த பிறகு ஒரே ஒருமுறை, 'இன்று எத்தனை கிலோ?' என்று மட்டும். கவாத்து என்று எழுதியவருக்கு அடுத்த இலை வரும் வரை எதுவுமே போகக் கூடாது, அதை இந்த வாரமே சரிசெய்துவிடுங்கள், பனி தொடங்கிவிட்டது.